உபுண்டு 24.04-க்கு மாறிய பின் ஹைபர்னேட் வேலை செய்யவில்லையா? காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முழுமையான வழிகாட்டி

லேப்டாப் ஹைபர்னேட் ஆகிறது; மறுபடி ஆன் செய்தால் திறந்து வைத்த எதுவும் இல்லாமல் புதிதாக பூட் ஆகிறது. அல்லது மெனுவில் இருந்த ஹைபர்னேட் பட்டனையே காணோம். அல்லது திரை கறுத்துப்போய் ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. 22.04-இலிருந்து 24.04-க்கு மேம்படுத்திய பிறகு வரும் வழக்கமான மூன்று புகார்கள் இவை. பலரும் எடுத்த எடுப்பில் புதிய கெர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதி) திட்டுவார்கள். கெர்னல் காரணமாக இருப்பதும் உண்டு, ஆனால் அதைக் கடைசியில் சந்தேகித்தால் போதும்.

ஹைபர்னேட் என்பது இரண்டு தனி வேலைகள். முதல் பாதியில் ஓடிக்கொண்டிருக்கும் கெர்னல் ராமில் இருப்பதைப் படமாக எடுத்து, சுருக்கி, ஸ்வாப்பில் (ராமுக்குத் துணையாக வட்டில் ஒதுக்கிய இடம்) எழுதிவிட்டு மின்சாரத்தை நிறுத்துகிறது. இரண்டாம் பாதியில் புதிதாக பூட் ஆகும் கெர்னல், ரூட் பார்ட்டிஷனை மவுண்ட் செய்வதற்கு முன்பே, இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்தில் ராமில் ஏறும் சின்னத் தற்காலிக ஃபைல் சிஸ்டம்) கட்டத்தில், அந்தப் படத்தைத் தேடிப் படித்து ராமில் திரும்ப வைக்கிறது. எழுதியவருக்கும் படிப்பவருக்கும் நடுவில் இருக்கும் ஒரே தொடர்பு ஒரு முகவரி: எந்த வட்டு, எந்த இடம். மேம்படுத்தலில் அடிபடுவது பெரும்பாலும் இந்த முகவரிதான். ஆகவே எந்தப் பாதி உடைந்திருக்கிறது என்று தெரியாமல் எதையும் மாற்றாதீர்கள்.

கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் கீழே ஒலிப்பின்படி தமிழில் உள்ளன. டெர்மினலில் வழக்கமான ஆங்கில எழுத்தில், சின்ன எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லியிருக்கிறது.

தொடங்கும் முன்

திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துவிடுங்கள். சோதனையின்போது தகவல் போக வாய்ப்புள்ள இடம் இது.

ஹைபர்னேட் ஆன நிலையில் அதே கணினியில் வேறொரு லினக்ஸையோ லைவ் யூஎஸ்பியையோ ஏற்றி, அதே பார்ட்டிஷன்களை மவுண்ட் செய்யக் கூடாது. பழைய படம் திரும்பும்போது ஃபைல் சிஸ்டத்தைப் பற்றி அதன் நினைவில் இருப்பதும் வட்டில் இருப்பதும் வேறு வேறாகிவிடும். ஃபைல் சிஸ்டம் கெடும். படம் வேண்டாம் என்று முடிவு செய்தால், கணினி ஆன் ஆகும்போது வரும் க்ரப் பூட் மெனுவில் உபுண்டு வரியின் மேல் நின்று ஆங்கில ‘இ’ விசையை அழுத்தி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் கடைசியில் ‘நோரீஸ்யூம்’ சேர்த்து, கன்ட்ரோல் + எக்ஸ் அழுத்தி பூட் செய்யுங்கள். படம் திரும்பும்போது கணினி தொங்கிப்போகும் சிக்கலிலிருந்து வெளியே வரவும் இதுதான் வழி.

முதல் படி: எந்தப் பாதி?

மெனுவை நம்பாமல் டெர்மினலில் நேரடியாகக் கேளுங்கள்:

சுடோ சிஸ்டம்சிடிஎல் ஹைபர்னேட்

உடனே ஒரு பிழைச்செய்தி வந்து நின்றுவிட்டால் முதல் பாதிக்கே போகவில்லை. அனுமதி, ஸ்வாப் அளவு, செக்யூர் பூட் ஆகியவற்றைப் பாருங்கள். கணினி முழுதாக அணைந்து, மறுபடி ஆன் செய்கையில் வெறும் லாகின் திரை வந்தால் முகவரிப் பிரச்சினை. திரை கறுப்பாகி நின்றால் டிரைவர். சுடோ போட்டால் நன்றாக வேலை செய்கிறது, மெனுவில் மட்டும் இல்லை என்றால் பால்கிட் (எந்தப் பயனர் எதைச் செய்யலாம் என்று முடிவு செய்யும் அமைப்பு) விதி.

இன்னும் துல்லியமாகப் பிரித்துப் பார்க்கக் கெர்னலிலேயே ஒரு சோதனை முறை இருக்கிறது. ‘சுடோ -ஐ’ போட்டு ரூட் ஆகி:

எக்கோ டெஸ்ட்_ரீஸ்யூம் > /சிஸ்/பவர்/டிஸ்க்
எக்கோ டிஸ்க் > /சிஸ்/பவர்/ஸ்டேட்

இது படத்தை ஸ்வாப்பில் எழுதி, கணினியை அணைக்காமலேயே அதைத் திரும்பப் படித்து மீட்கும். இது நன்றாக முடிந்து, உண்மையான ஹைபர்னேட் மட்டும் தோற்றால், எழுதுவதிலோ டிரைவர்களிலோ பெரிய குறையில்லை. பூட் ஆகும்போது படத்தை யாரும் தேடவில்லை என்று பொருள். முடிந்ததும் ‘எக்கோ ப்ளாட்ஃபார்ம் > /சிஸ்/பவர்/டிஸ்க்’ என்று பழைய நிலைக்கு மாற்றிவிடுங்கள்.

முகவரி தொலைந்தால்

மேம்படுத்தலுக்குப் பிந்தைய கோளாறுகளில் முதலில் பார்க்க வேண்டியது இது. தற்போதைய கெர்னலுக்கு என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்:

கேட் /ப்ராக்/சிஎம்டிலைன்
கேட் /சிஸ்/பவர்/ரீஸ்யூம்

முதல் கட்டளையின் விடையில் ‘ரீஸ்யூம்=’ என்ற பகுதி இல்லாமல், இரண்டாவதில் 0:0 என்று வந்தால், விடை கிடைத்துவிட்டது. எப்படிக் காணாமல் போனது? மேம்படுத்தலின் நடுவே ‘/இடிசி/டீஃபால்ட்/க்ரப்’ கோப்பு மாற்றப்பட்டிருக்கிறது, புதியதைப் போடவா, உங்களுடையதை வைத்துக்கொள்ளவா என்று ஒரு கேள்வி வரும். அவசரத்தில் புதியது என்று சொன்னால், கையால் சேர்த்த ‘ரீஸ்யூம்’ அதோடு போய்விடும். நல்லவேளையாக, பழைய பிரதி அதே ஃபோல்டரில் ‘க்ரப்.யூசிஎஃப்-ஓல்ட்’ என்ற பெயரில் இருக்கும். அதைத் திறந்து பழைய வரியைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் எண்களைச் சரிபார்க்காமல் அப்படியே ஒட்டாதீர்கள்.

இங்கே 24.04-இன் இன்னொரு குணம் குழப்பும். அதில் உள்ள சிஸ்டம்டி 255 (பூட்டையும் சர்வீஸ்களையும் நிர்வகிக்கும் மென்பொருள்), ஈஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த ஃபர்ம்வேர்) கணினிகளில் ‘ரீஸ்யூம்=’ இல்லாவிட்டாலும் ஹைபர்னேட்டை மறுப்பதில்லை; படம் இருக்கும் இடத்தை ‘ஹைபர்னேட்லொகேஷன்’ என்ற ஈஎஃப்ஐ மாறியில் எழுதிவிட்டு வேலையை முடித்துவிடுகிறது. அந்த மாறியைப் படிக்க, இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்கு உள்ளேயும் சிஸ்டம்டி இருக்க வேண்டும். 24.04 பயன்படுத்தும் இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸில் அது இல்லை. எழுதியவர் பிழையில்லாமல் எழுதுகிறார், படிப்பவருக்கு அந்த இடம் தெரியாது. பிழைச்செய்தி ஒன்றுகூட வராமல் அமர்வு தொலைவது இதனால்தான். ஈஎஃப்ஐ இல்லாத பழைய கணினிகளில் அதே சிஸ்டம்டி, ரீஸ்யூம் அமைக்கவில்லை, ஹைபர்னேட் பாதுகாப்பானதல்ல என்று சொல்லி நேராக மறுத்துவிடும். அந்த மறுப்பே மேல்.

ஸ்வாப் எங்கே இருக்கிறது என்று இப்போது பாருங்கள்:

ஸ்வாப்ஆன் --ஷோ

வகை ‘பார்ட்டிஷன்’ என்றால் வேலை எளிது. இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ் தானாகவே பெரிய ஸ்வாப் பார்ட்டிஷனைத் தேர்ந்துகொள்ளும். அப்படியும் தோற்றால் ‘/இடிசி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்/கான்ஃப்.டி/ரீஸ்யூம்’ கோப்பில் பழைய யூயூஐடி (பார்ட்டிஷனின் அடையாள எண்) உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். எப்போதாவது அந்தப் பார்ட்டிஷனில் ‘எம்கேஸ்வாப்’ ஓட்டியிருந்தால் யூயூஐடி மாறியிருக்கும். ‘சுடோ பிஎல்கேஐடி’ காட்டும் எண்ணோடு ஒப்பிட்டு, கோப்பில் பெரிய எழுத்தில் ‘ரீஸ்யூம்=யூயூஐடி=’ என்பதற்குப் பின் சரியான எண்ணை எழுதி, இதை ஓட்டுங்கள்:

சுடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு -கே ஆல்

‘-கே ஆல்’ முக்கியம். அது இல்லாவிட்டால் ஒரு கெர்னலுக்கு மட்டும் மாறும், க்ரப்பில் வேறு கெர்னலைத் தேர்ந்தால் மறுபடி அதே கதை. ஓட்டும்போது, சொல்லப்பட்ட யூயூஐடிக்குப் பொருந்தும் ஸ்வாப் இல்லை என்று எச்சரிக்கை வந்தால் எண் இன்னும் தப்பு.

வகை ‘ஃபைல்’ என்றால் (17.04 முதல் உபுண்டுவில் இதுவே இயல்பு) இரண்டு எண்கள் வேண்டும். கோப்பின் பெயர் ‘/ஸ்வாப்ஃபைல்’ அல்லது ‘/ஸ்வாப்.ஐஎம்ஜி’ என்று இருக்கும். முதல் எண், அந்தக் கோப்பு இருக்கும் ஃபைல் சிஸ்டத்தின் யூயூஐடி:

ஃபைண்ட்எம்என்டி -என்ஓ யூயூஐடி -டி /ஸ்வாப்ஃபைல்

இதில் ‘யூயூஐடி’யும் கடைசியில் வரும் ‘-டி’யும் பெரிய எழுத்து. ‘எம்கேஸ்வாப்’ ஓட்டும்போது திரையில் காட்டும் யூயூஐடி இதுவல்ல. அது ஸ்வாப் கோப்பின் உள்ளே இருக்கும் எண், பூட் ஆகும்போது எந்தப் பயனும் இல்லை. பலர் சறுக்கும் இடம் இது.

இரண்டாவது எண், கோப்பு வட்டில் தொடங்கும் இடம்:

சுடோ ஃபைல்ஃப்ராக் -வி /ஸ்வாப்ஃபைல்

வரும் பட்டியலில் 0 என்று தொடங்கும் முதல் வரியில், ‘பிசிக்கல்_ஆஃப்செட்’ தலைப்பின் கீழ் உள்ள முதல் எண்ணை எடுங்கள். 34816.. என்று இருந்தால் 34816, புள்ளிகள் வேண்டாம். இது ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்துக்குப் பொருந்தும். பிடிஆர்எஃப்எஸ்ஸில் ஃபைல்ஃப்ராக் காட்டும் எண் உண்மையான இடம் அல்ல. அங்கே ‘பிடிஆர்எஃப்எஸ் இன்ஸ்பெக்ட்-இன்டர்னல் மேப்-ஸ்வாப்ஃபைல் -ஆர்’ என்று கேட்டால்தான் சரியான எண் வரும்.

இந்த இரண்டையும் கெர்னலுக்குச் சொல்ல வேண்டும். ‘/இடிசி/டீஃபால்ட்/க்ரப்’ கோப்பைத் தொடாமல், ‘/இடிசி/டீஃபால்ட்/க்ரப்.டி/99-ரீஸ்யூம்.சிஎஃப்ஜி’ என்று தனிக் கோப்பு உருவாக்குவதே நல்லது. அடுத்த மேம்படுத்தலில் அதே கேள்விக்கு எந்தப் பதிலைச் சொன்னாலும் இது பிழைத்திருக்கும். அதில் ஒரே வரி; ‘க்ரப்_’ என்று தொடங்கும் பெயர் இரண்டு இடத்திலும், ‘யூயூஐடி’யும் பெரிய எழுத்தில்:

க்ரப்_சிஎம்டிலைன்_லினக்ஸ்_டீஃபால்ட்="$க்ரப்_சிஎம்டிலைன்_லினக்ஸ்_டீஃபால்ட் ரீஸ்யூம்=யூயூஐடி=(உங்கள் எண்) ரீஸ்யூம்_ஆஃப்செட்=34816"

பிறகு ‘சுடோ அப்டேட்-க்ரப்’, மறுபடி இனிட்ராம்எஃப்எஸ், ஒரு ரீஸ்டார்ட். ‘/ப்ராக்/சிஎம்டிலைன்’ கோப்பில் இரண்டும் தெரிந்தால்தான் ஹைபர்னேட்டைச் சோதியுங்கள். ஆஃப்செட் மட்டும் இருந்து ரீஸ்யூம் இல்லையென்றால் சிஸ்டம்டி அதைத் தவறான அமைப்பு என்று சொல்லி நிறுத்திவிடும்.

ஸ்வாப் கோப்பை அழித்து மறுபடி உருவாக்கினால் ஆஃப்செட் மாறும். ஒவ்வொரு முறையும் புதிதாக எடுக்க வேண்டும்.

உபுண்டு 25.10 முதல் இனிட்ராம்எஃப்எஸ் உருவாக்கும் கருவியே ட்ராகட் ஆகிவிட்டது. அங்கே ‘கான்ஃப்.டி/ரீஸ்யூம்’ கோப்பை யாரும் படிக்கமாட்டார்கள். ‘/இடிசி/ட்ராகட்.கான்ஃப்.டி’ ஃபோல்டரில் ஒரு கோப்பு வைத்து, ‘ஆட்_ட்ராகட்மாட்யூல்ஸ்+=" ரீஸ்யூம் "’ என்று எழுதி (மேற்கோள் குறிக்குள் இரு பக்கமும் இடைவெளி அவசியம்) ‘சுடோ ட்ராகட் -எஃப்’ ஓட்ட வேண்டும். ஃபெடோராவிலும் இதே ட்ராகட்தான். கெர்னல் வரியை மாற்ற அங்கே ‘க்ரப்பி’ கட்டளை.

ஸ்வாப் போதவில்லை என்றால்

போதுமான ஸ்வாப் இல்லை என்ற பொருளில் செய்தி வந்தால் இங்கே பாருங்கள். உபுண்டு நிறுவி தானாக வைக்கும் ஸ்வாப் கோப்பு சிறியது. ஹைபர்னேட்டை மனதில் வைத்து அளவிட்டதல்ல. படத்தை ராமின் ஐந்தில் இரண்டு பங்குக்குள் அடக்க கெர்னல் முயலும். ஆனால் அது இலக்குதான், உச்சவரம்பு அல்ல. சிஸ்டம்டியும் தன் பங்குக்கு, தற்போது பயன்பாட்டில் உள்ள நினைவகம் காலி ஸ்வாப்புக்குள் அடங்குமா என்று முன்கூட்டியே கணக்குப் பார்க்கும். பிரௌசரில் நிறையத் தாவல்கள் திறந்திருக்கும் நாளில் மட்டும் தோற்பது இதனால்.

உபுண்டுவின் பழைய கணக்கு இன்றைக்கும் நல்ல கணக்கு: 8 ஜிபி ராமுக்கு 11 ஜிபி, 16-க்கு 20, 32-க்கு 38. 16 ஜிபி கணினிக்கு:

சுடோ ஸ்வாப்ஆஃப் /ஸ்வாப்ஃபைல்
சுடோ டிடி ஐஎஃப்=/டெவ்/ஜீரோ ஓஎஃப்=/ஸ்வாப்ஃபைல் பிஎஸ்=1எம் கவுன்ட்=20480
சுடோ சிஎச்மாட் 600 /ஸ்வாப்ஃபைல்
சுடோ எம்கேஸ்வாப் /ஸ்வாப்ஃபைல்
சுடோ ஸ்வாப்ஆன் /ஸ்வாப்ஃபைல்

‘1எம்’ என்பதில் ‘எம்’ பெரிய எழுத்து. ‘ஓஎஃப்=’ என்பதற்குப் பின் வருவதை எண்டர் அழுத்தும் முன் இரண்டு முறை படியுங்கள்; வட்டின் பெயரைப் போட்டுவிட்டால் வட்டே அழிந்துவிடும். பெயர் மாறாததால் ‘எஃப்எஸ்டேப்’ கோப்பைத் தொட வேண்டியதில்லை. ஆஃப்செட் மாறியிருக்கும், மேலே போய் மறுபடி எடுங்கள்.

‘ஸ்வாப்ஆன் --ஷோ’ பட்டியலில் ‘/டெவ்/ஜிரேம்0’ மட்டும் இருந்தால் அதில் ஹைபர்னேட் செய்ய முடியாது. ஜிரேம் என்பது ராமுக்குள்ளேயே இருக்கும் சுருக்கப்பட்ட ஸ்வாப். மின்சாரம் போனால் அதுவும் போய்விடும். 33-ஆம் பதிப்பு முதல் ஃபெடோராவில் இதுதான் இயல்பு. ஜிரேமை வைத்துக்கொண்டே வட்டிலும் ஒரு ஸ்வாப் சேர்க்கலாம். சிஸ்டம்டி ஜிரேமை ஒதுக்கிவிட்டு வட்டில் இருப்பதை எடுத்துக்கொள்ளும்.

ஸ்வாப் பார்ட்டிஷன் என்க்ரிப்ட் ஆகியிருந்தால் ‘/இடிசி/க்ரிப்ட்டேப்’ கோப்பைப் பாருங்கள். அந்த வரியில் சாவியாக ‘/டெவ்/யூரேண்டம்’ என்று இருந்தால் ஒவ்வொரு பூட்டிலும் சாவி புதிது. நேற்றைய படத்தை இன்று திறக்க வழியே இல்லை. லக்ஸ் என்க்ரிப்ஷன் முறையில் கடவுச்சொல்லோடு ஸ்வாப்பை மாற்றியமைக்க வேண்டும், அல்லது என்க்ரிப்ட் ஆன ரூட்டுக்குள் ஸ்வாப் கோப்பாக வைக்க வேண்டும். இரண்டாவது வழி எளிது. ஒரே கடவுச்சொல் போதும்.

செக்யூர் பூட்

கேட் /சிஸ்/பவர்/ஸ்டேட்

விடையில் ‘டிஸ்க்’ என்ற சொல்லே இல்லாவிட்டால் கெர்னலே ஹைபர்னேட்டை மூடி வைத்திருக்கிறது. வழக்கமான காரணம் செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் பாதுகாப்பு). அது ஆன் ஆகியிருந்தால் உபுண்டு கெர்னல் லாக்டவுன் நிலைக்குப் போகும். வட்டில் கிடக்கும் படத்தை யாரும் திருத்தியிருக்கலாம் என்பதால் ஹைபர்னேட் அங்கே தடை. உறுதி செய்ய:

மோக்யூட்டில் --எஸ்பி-ஸ்டேட்
கேட் /சிஸ்/கெர்னல்/செக்யூரிட்டி/லாக்டவுன்

இரண்டாவதில் அடைப்புக்குறிக்குள் ‘நன்’ இல்லாமல் ‘இன்டெக்ரிட்டி’ இருந்தால் லாக்டவுன்தான். 22.04-இலும் இதே விதி இருந்தது. ஆகவே முன்பு வேலை செய்த கணினியில் இப்போது இது தெரிந்தால், இடையில் பயாஸ் புதுப்பிக்கப்பட்டு அமைப்புகள் இயல்புக்குத் திரும்பியிருக்கலாம். பயாஸில் செக்யூர் பூட்டை அணைப்பதைத் தவிர நேரான வழி இல்லை. அதே கணினியில் பிட்லாக்கரோடு விண்டோஸ் இருந்தால், அணைக்கும் முன் மீட்புச் சாவியைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் அதைக் கேட்கும். அலுவலகக் கணினியில் செக்யூர் பூட் கட்டாயம் என்றால் சஸ்பெண்டோடு நிறுத்திக்கொள்வதே சரி.

பட்டன் மட்டும் காணவில்லை

22.04-இல் பால்கிட் 0.105. ஹைபர்னேட்டை அனுமதிக்க அதில் ‘லோக்கல்அத்தாரிட்டி’ ஃபோல்டரில் ‘.பிகேஎல்ஏ’ என்று முடியும் ஒரு கோப்பு வைப்பார்கள். இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகள் எல்லாம் இதைத்தான் சொல்லும். 24.04-இல் உள்ள பால்கிட் 124 அந்த வகைக் கோப்பைத் தானாகப் படிப்பதில்லை; அதற்கு ‘பால்கிட்டி-பிகேஎல்ஏ’ என்ற தனிப் பொதி வேண்டும். கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கும், பலன் மட்டும் இருக்காது. டெபியன் 11-இலிருந்து 12-க்கு வந்தவர்களுக்கும் இதே.

புதிய முறையில் ‘/இடிசி/பால்கிட்-1/ரூல்ஸ்.டி/10-ஹைபர்னேட்.ரூல்ஸ்’ என்று ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு. ‘பால்கிட்.ஆட்ரூல்’ (‘ரூல்’ பெரிய எழுத்தில் தொடங்கும்) உள்ளே ஒரு ஃபங்ஷன். செயலின் ஐடி ‘ஓஆர்ஜி.ஃப்ரீடெஸ்க்டாப்.லாகின்1.ஹைபர்னேட்’ ஆகவோ, அதோடு ‘-மல்டிபிள்-செஷன்ஸ்’ சேர்ந்ததாகவோ இருந்து, பயனர் ‘சுடோ’ குழுவில் இருந்தால், ‘பால்கிட்.ரிசல்ட்.யெஸ்’ (‘ரிசல்ட்’டின் முதல் எழுத்தும் ‘யெஸ்’ முழுவதும் பெரியவை) என்று திருப்பி அனுப்ப வேண்டும். கோப்பின் அனுமதி 644. ‘சுடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் பால்கிட்’ ஓட்டியபின் சுடோ இல்லாமல் ஹைபர்னேட் ஆனால் விதி சரி. கேடிஇயில் பட்டன் தானாக வரும். க்னோமின் மெனுவில் ஹைபர்னேட் இயல்பாகவே இல்லை. அதற்கு ஒரு எக்ஸ்டென்ஷன் வேண்டும், மேம்படுத்தலில் க்னோம் பதிப்பு மாறும்போது பழைய எக்ஸ்டென்ஷன்கள் முடங்கிவிடும்.

கறுப்புத் திரை, பாதியில் தொங்குவது

முந்தைய பூட்டின் பதிவிலிருந்து தொடங்குங்கள்:

ஜர்னல்சிடிஎல் -கே -பி -1

தோற்ற முயற்சியின் கடைசி வரிகளைப் பாருங்கள். ‘ஃப்ரீஸிங் ஆஃப் டாஸ்க்ஸ் ஃபெயில்ட்’ என்று இருந்தால் ஏதோ ஒரு ப்ராசஸ் 20 விநாடிக்குள் உறைய மறுத்திருக்கிறது. பெயர் கீழேயே இருக்கும். தொடர்பு அறுந்த நெட்வொர்க் மவுண்ட் இதற்கு ஒரு பழைய காரணம். ‘இமேஜ் மிஸ்மேட்ச்’ என்று தற்போதைய பூட்டின் பதிவில் வந்தால், எழுதும்போது இருந்த நினைவக வரைபடமும் இப்போது இருப்பதும் வேறு. பயாஸ் அமைப்பு மாறியதா, ராம் மாற்றினீர்களா என்று யோசியுங்கள். சாதாரண பூட்டில் ‘இமேஜ் நாட் ஃபவுண்ட், கோட் -22’ என்று வருவது பிழையே அல்ல. ஹைபர்னேட் செய்தபின் வரும் பூட்டிலும் அதுவே வந்தால் தப்பான இடத்தில் தேடுகிறது, ஆஃப்செட்டைச் சரிபாருங்கள்.

டிரைவரைச் சந்தேகித்தால் படிப்படியாகச் சோதிக்கலாம். ரூட்டாக:

எக்கோ டிவைசஸ் > /சிஸ்/பவர்/பிஎம்_டெஸ்ட்
எக்கோ டிஸ்க் > /சிஸ்/பவர்/ஸ்டேட்

சாதனங்களை நிறுத்தி, 5 விநாடி காத்திருந்து, திரும்ப எழுப்பும். ‘ஃப்ரீசர்’, ‘டிவைசஸ்’, ‘ப்ளாட்ஃபார்ம்’, ‘ப்ராசஸர்ஸ்’, ‘கோர்’ என்ற வரிசையில் ஏறுங்கள். எந்தப் படியில் முதலில் தொங்குகிறதோ அங்கேதான் கோளாறு. முடிந்ததும் ‘நன்’ எழுத மறக்காதீர்கள்; மறந்தால் உண்மையான ஹைபர்னேட்டும் 5 விநாடியில் திரும்பிவிடும்.

‘டிவைசஸ்’ படியில் தோற்றால், சந்தேகமான மாட்யூலை (பெரும்பாலும் வைஃபை) ‘மாட்ப்ரோப் -ஆர்’ கொண்டு கழற்றிவிட்டு மறுபடி சோதியுங்கள். அதுதான் காரணமென்றால் ‘/யூஎஸ்ஆர்/லிப்/சிஸ்டம்டி/சிஸ்டம்-ஸ்லீப்’ ஃபோல்டரில் ஒரு ஸ்கிரிப்ட் வைத்து, முதல் ஆர்க்யுமென்ட் ‘ப்ரீ’ என்றால் கழற்றவும் ‘போஸ்ட்’ என்றால் ஏற்றவும் செய்யலாம்.

படம் எழுதி முடித்தும் மின்சாரம் நிற்காமல் ஃபேன் ஓடினால், ‘/இடிசி/சிஸ்டம்டி/ஸ்லீப்.கான்ஃப்’ கோப்பில் ‘ஸ்லீப்’ பிரிவின் கீழ் ‘ஹைபர்னேட்மோட்=ஷட்டவுன்’ என்று எழுதிப் பாருங்கள் (‘ஸ்லீப்’, ‘ஹைபர்னேட்’, ‘மோட்’ மூன்றின் முதல் எழுத்தும் பெரியது). பயாஸின் எஸ்4 (ஹைபர்னேட் நிலை) வழியை விட்டுவிட்டு சாதாரணமாக அணைக்கும்.

என்விடியா தனிக் கதை. படம் திரும்பியும் திரை கறுப்பு அல்லது எழுத்துகள் சிதைவு என்றால் வீடியோ நினைவகம் சேமிக்கப்படவில்லை. ‘/இடிசி/மாட்ப்ரோப்.டி’ ஃபோல்டரில் ஒரு கோப்பில் ‘ஆப்ஷன்ஸ் என்விடியா’ என்று தொடங்கி, ‘என்விரெக்_ப்ரிசர்வ்வீடியோமெமரிஅலோகேஷன்ஸ்=1’, ‘என்விரெக்_டெம்பரரிஃபைல்பாத்=/வார்/டிஎம்பி’ என்று இரண்டையும் ஒரே வரியில் கொடுங்கள் (‘என்விரெக்’கில் முதல் இரண்டு எழுத்தும், அடிக்கோட்டுக்குப் பின் ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தும் பெரியவை). ‘என்விடியா-சஸ்பெண்ட்’, ‘என்விடியா-ஹைபர்னேட்’, ‘என்விடியா-ரீஸ்யூம்’ என்ற மூன்று சர்வீஸ்களும் எனேபிள் ஆகியிருக்க வேண்டும். டிரைவர் மாறும்போது இவை விடுபட்டுப்போவது உண்டு. ‘/வார்/டிஎம்பி’ ஏன்? டெபியன் 13-இல் ‘/டிஎம்பி’ ராமில் உள்ள டிஎம்ப்எஃப்எஸ் ஆகிவிட்டது. வீடியோ நினைவகத்தையும் ராமுக்குள்ளேயே கொட்டினால் படம் பெரிதாகிவிடும். ‘/வார்/டிஎம்பி’ இருக்கும் வட்டில் கார்டின் நினைவக அளவைவிடச் சற்று அதிகமாக இடம் வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு தோற்றால்தான் கெர்னலைச் சந்தேகிக்கலாம். க்ரப்பின் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ பகுதியில் பழைய 5.15 கெர்னல் இன்னும் இருந்தால் அதில் பூட் செய்து சோதியுங்கள். அதில் வேலை செய்து 6.8-இல் தோற்றால், இரண்டு பதிவுகளையும் இணைத்து உபுண்டுவின் லாஞ்ச்பேடில் புகார் கொடுங்கள். ‘பிஎம்_டெஸ்ட்’ எந்தப் படியில் நின்றது என்பதையும் எழுதுங்கள்.

ஹைபர்னேட்டே வேண்டாம் என்று விட்டுவிடுவதானால் அமைப்புகளைப் பாதியில் விடாதீர்கள். 99-ரீஸ்யூம் கோப்பை அழித்து, ‘கான்ஃப்.டி/ரீஸ்யூம்’ கோப்பில் பெரிய எழுத்தில் ‘ரீஸ்யூம்=’ போட்டு, பின் சின்ன எழுத்தில் ‘நன்’ என்று எழுதி, க்ரப்பையும் இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் புதுப்பியுங்கள். இல்லாத ஸ்வாப்பின் முகவரி அங்கே இருந்தால் ஒவ்வொரு பூட்டிலும் அரை நிமிடம் போலக் காத்திருந்துவிட்டுத்தான் மேலே போகும்.